முதல் பிசிபியை கீகேட்டில் வரைவது: வாழைச்சேனைத் தங்கச்சிக்கு ஒரு பதில்

உயர்தரத்தில் தொழினுட்பப் பிரிவு படித்த ஒரு தங்கச்சி வாழைச்சேனையிலிருந்து கேட்டிருக்கிறார். அப்பாவின் இறால் பண்ணையில் இரவில் கரண்ட் போனால் சத்தம் போட்டு ஆளை எழுப்புகிற ஒரு சுற்றை பிரெட்போர்டில், அதாவது வயரைக் குத்திப் பார்க்கும் துளைப் பலகையில், செய்து வைத்திருக்கிறாராம். வயர் அடிக்கடி கழன்றுவிடுகிறது. அதை ஒழுங்கான பிசிபி (பாகங்களை இணைக்கும் செம்புக் கோடுகள் பதிந்த பலகை) ஆக்கலாம் என்று, அதை வரையும் கீகேட் என்ற மென்பொருளைத் திறந்தால் எங்கே கைவைப்பது என்று தெரியவில்லை. காசு கொடுத்து வாங்கும் மென்பொருள்தான் வேண்டுமா, வீட்டிலேயே போர்ட் செய்யலாமா என்றும் கேட்கிறார்.

தங்கச்சி, முதல் போர்ட்டுக்கு இதைவிட நல்ல சுற்று கிடைக்காது. யூடியூப்பில் பார்த்து ஒரு எல்இடியை மினுக்குகிற போர்ட்டை வரையத் தொடங்குகிறவர்கள் பாதியில் விட்டுவிடுகிறார்கள், ஏனென்றால் அந்த போர்ட் யாருக்கும் தேவையில்லை. உங்களுடையது அப்படியில்லை. நடுச்சாமத்தில் தண்ணீருக்குக் காற்றூட்டும் ஏரேட்டர் நின்றால் தண்ணீரில் ஒட்சிசன் இறங்கி, சில மணி நேரத்தில் ஒரு போக இறாலே போய்விடும். தேவை இருக்கிற போர்ட்டைத்தான் ஆள் கடைசிவரை முடிப்பார். பிசிபி படிப்பதில் முக்கியமானதும் அதுதான்: ஒரு சின்ன போர்ட்டை வரைந்து, செய்வித்து, ஈயம் வைத்து, பெட்டிக்குள் போட்டு ஓடவைப்பது. பத்து போர்ட்டைத் திரையில் மட்டும் வரைந்தவருக்கு இதில் பாதிகூடத் தெரிந்திருக்காது.

நீங்கள் அனுப்பிய கைப்படம் சரியாகவே இருக்கிறது. 9 வோல்ட் பேட்டரியின் பிளஸ், பிசி557 என்ற பிஎன்பி ட்ரான்சிஸ்டரின் எமிட்டருக்குப் போகிறது. கலெக்டருக்கும் கிரவுண்டுக்கும் நடுவில் பஸர். பேஸிலிருந்து கிரவுண்டுக்கு 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர். 12 வோல்ட் அடப்டரின் பிளஸ், 1என்4148 டயோட் வழியாக அதே பேஸுக்கு வருகிறது. கரண்ட் இருக்கும்போது பேஸ் கிட்டத்தட்ட 11.3 வோல்ட்டில் நிற்கும், எமிட்டரைவிடக் கூட என்பதால் ட்ரான்சிஸ்டர் மின்னைக் கடத்தாமல் நிற்கும், பேட்டரியும் கரையாது. கரண்ட் போனதும் ரெசிஸ்டர் பேஸைக் கீழே இழுக்கும், பஸர் அலறும். அடப்டர் பக்கம் ஒரு எல்இடியும் அதற்கு 2.2 கிலோ ஓம் ரெசிஸ்டரும் போட்டிருக்கிறீர்கள், நல்லது. பேட்டரி வயரில் ஒரு சுவிட்சுக்கு இரண்டு பின் இடம் விடுங்கள், ஆள் எழும்பிய பிறகு சத்தத்தை நிறுத்த வேணுமே.

இங்கே ஒரு கவனம். பழைய கனமான ட்ரான்ஸ்போமர் அடப்டரில் 12 என்று எழுதியிருந்தாலும், லோட் இல்லாதபோது 16 வோல்ட் வரை வரும். பிசி557இன் பேஸ்–எமிட்டர் சந்தி எதிர்த் திசையில் தாங்குவது 5 வோல்ட்தான். ஆகவே லேசான சுவிட்சிங் அடப்டரையே பாவியுங்கள்.

மென்பொருளுக்கு வருகிறேன். கீகேட் உங்களுக்குப் போதும், உங்களைவிடப் பெரிய வேலை செய்கிறவர்களுக்கும் போதும். 1992இல் பிரான்சின் கிரெனோபிளில் ஜான்-பியேர் ஷாராஸ் என்பவர் தொடங்கியது இது. 2013 முதல் ஜெனீவாவில் உள்ள சேர்ன் ஆய்வுகூடத்தின் பொறியியலாளர்களும் கைகொடுத்தார்கள். பாகங்களை இணைக்கும் செம்புக் கோடான தடம் ஒன்றை இழுக்கும்போது பக்கத்துத் தடங்கள் தாமே விலகி வழிவிடும் வசதி அவர்கள் எழுதியதுதான். காசு இல்லை, போர்ட் அளவைக் குறுக்கும் கட்டுப்பாடு இல்லை, செம்பு லேயர் (படை) 32 வரை போடலாம், ஒருதரம் நிறுவிவிட்டால் இன்டர்நெட்டும் வேண்டாம். இறக்குவது ஒரு ஜிபிக்கு மேல் வரும், இரவு டேட்டாவில் போட்டுவிட்டுப் படுங்கள். 8 ஜிபி ரேம் உள்ள சாதாரண லேப்டாப் தாராளம்.

கிராக் செய்த விலையுயர்ந்த மென்பொருளை யாராவது பென்டிரைவில் தந்தால் வாங்காதீர்கள். வைரஸ் பயத்தை விடவும் எனக்குப் பெரிய காரணம் ஒன்று உண்டு. ஈகிள் என்ற மென்பொருளில்தான் ஒரு தலைமுறையே பிசிபி படித்தது. அதை வாங்கிய ஆட்டோடெஸ்க் நிறுவனம், 2026 ஜூன் 7உடன் ஈகிளை நிறுத்துவதாக 2023இல் அறிவித்தது. கம்பனி ஒன்று முடிவெடுத்தால் நீங்கள் வரைந்ததெல்லாம் திறக்க முடியாத கோப்பாகிவிடலாம். கீகேட்டின் கோப்புகள் வெறும் எழுத்துக் கோப்புகள், நோட்பேடில்கூடத் திறந்து பார்க்கலாம். ஈகிளில் வரைந்த பழைய போர்ட்டுகளையும் கீகேட் திறக்கும்.

இனி வேலை. கீகேட்டில் புதிய புரொஜெக்ட் ஒன்றைத் தொடங்கினால் இரண்டு கோப்பு வரும், ஒன்று சுற்றுப்படம், மற்றது போர்ட். சுற்றுப்படத்தைத்தான் முதலில் திறக்க வேண்டும். ஏ விசையை அழுத்தினால் பாகங்களைத் தேடி வைக்கலாம், டபிள்யூ அழுத்தினால் வயர் இழுக்கலாம், பி (P) அழுத்தினால் கிரவுண்ட், பிளஸ் குறிகள் வரும். ஆர் திருப்பும், எம் நகர்த்தும், ஈ பெறுமதியை மாற்றும். ஒரு பின்னேரத்துக்குள் இவ்வளவும் கைக்கு வந்துவிடும். மெனுவில் உள்ள மற்ற நூறு விஷயங்களை இப்போது தொடவே வேண்டாம்.

வரைந்து முடித்ததும், சுற்றுப்படத்தில் இணைப்புப் பிழைகளைத் தேடும் ஈஆர்சி என்ற சோதனையை ஓட்டுங்கள். புதியவர் எல்லாருக்கும் ஒரு பிழை கட்டாயம் வரும்: பவர் பின்னுக்கு எங்கிருந்தும் பவர் வரவில்லை என்று. கனெக்டர் வழியாக பேட்டரி வருகிறது என்பது கீகேட்டுக்குத் தெரியாது, அதனால் வருகிறது. பவர்-ஃபிளாக் என்ற குறியை பேட்டரி பிளஸிலும் கிரவுண்டிலும் ஒவ்வொன்று வைத்தால் போய்விடும். பலர் இந்த இடத்தில் மிரண்டு ஈஆர்சியையே கைவிட்டுவிடுகிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள், உண்மையான பிழையைச் சொல்லும்போதும் கேட்காமல் போய்விடும்.

அடுத்ததுதான் முழு வேலையிலும் நீங்கள் ஆற அமர நிற்க வேண்டிய இடம், ஃபுட்பிரிண்ட். சுற்றுப்படத்தில் உள்ள பஸர் வெறும் குறி. அதன் கால்கள் எவ்வளவு தூரத்தில் இருக்கின்றன, துளை எவ்வளவு அகலம், உடம்பு எவ்வளவு இடத்தைப் பிடிக்கும் என்பதைச் சொல்வது ஃபுட்பிரிண்ட். ஒரே குறிக்கு லைப்ரரியில் பத்து ஃபுட்பிரிண்ட் இருக்கும். எது சரி என்று கணினி சொல்லாது, உங்கள் கையில் இருக்கும் பாகம்தான் சொல்லும். ஆகவே போர்ட் வரைய முன்பே பாகங்களை வாங்கிவிடுங்கள். மட்டக்களப்பு டவுனில் கிடைத்ததை அங்கே வாங்குங்கள், மிச்சத்துக்கு கொழும்பு புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவுக்குப் போகிறவர் யாரிடமாவது சொல்லிவிடுங்கள். ஒரு டிஜிட்டல் வேர்னியர் கலிபரும் வாங்கிக்கொள்ளுங்கள். மலிவானதே போதும், சோல்டரிங் அயனுக்கு அடுத்தபடி முக்கியமான கருவி அது.

உங்கள் ஒன்பது பாகத்திலும் இந்த விஷயம் எப்படி வருகிறது என்று பாருங்கள். 12 மி.மீ. வட்டப் பஸர் பார்க்க எல்லாம் ஒன்றுபோல இருக்கும், ஆனால் கால் இடைவெளி ஒன்றில் 7.6 மி.மீ., இன்னொன்றில் 6.5 மி.மீ. வயர் முறுக்கும் ஸ்குரூ டெர்மினலில் 5.00, 5.08 என்று இரண்டு வகை உண்டு. இரண்டு கால் டெர்மினலில் அந்த வித்தியாசம் தெரியாது, எட்டுக் கால் டெர்மினலில் ஏழு இடைவெளி சேர்ந்து அரை மில்லிமீற்றருக்கு மேல் விலகி, கடைசிக் கால் துளைக்குள் போகாது. ட்ரான்சிஸ்டருக்கு டிஓ-92 இன்லைன் என்று ஒன்றும், அதிலேயே வைட் என்று இன்னொன்றும் காட்டும். முதலாவதில் கால்கள் 1.27 மி.மீ. இடைவெளியில் நெருங்கி நிற்கும், கையால் ஈயம் வைத்தால் ஒட்டிக்கொள்ளும். வைட்டை எடுங்கள், அதில் 2.54. கால்வாட் ரெசிஸ்டருக்கு 10.16 மி.மீ. இடைவெளி உள்ளது சரியாக வரும்.

ட்ரான்சிஸ்டரில் இன்னொரு பொறி இருக்கிறது. பிசி557ஐத் தட்டைப் பக்கம் உங்களைப் பார்க்க, கால் கீழே இருக்கப் பிடித்தால் இடமிருந்து வலம் கலெக்டர், பேஸ், எமிட்டர். 2என்3906 என்பதும் அதே மாதிரி பிஎன்பிதான், உங்கள் வேலைக்கும் பொருந்தும், ஆனால் அதில் எமிட்டர், பேஸ், கலெக்டர் என்று தலைகீழாக வரும். கடையில் பிசி557 இல்லை, இதைப் போடுங்கள் என்று தந்தால், சுற்றுப்படத்திலும் அதற்கான குறியை மாற்ற வேண்டும். பிரெட்போர்டில் வயரை மாற்றிக் குத்தலாம், செம்புத் தடத்தை அப்படி மாற்ற முடியாது. பாகத்தைச் செய்தவர் தரும் விவரத்தாளான டேட்டாஷீட்டைத் திறந்து கால் வரிசையைப் பார்ப்பது ஒவ்வொரு பாகத்துக்கும் பழக்கமாக வேண்டும்.

ஃபுட்பிரிண்ட் கொடுத்த பிறகு போர்ட் கோப்பைத் திறந்து எஃப்8 அழுத்தினால் பாகங்கள் எல்லாம் குவியலாக வந்து விழும். மெல்லிய கோடுகள் எது எதோடு சேர வேண்டும் என்று காட்டும். எட்ஜ் கட்ஸ் என்ற லேயரில் 50க்கு 40 மி.மீ. அளவில் ஒரு செவ்வகம் கீறுங்கள், அதுதான் போர்ட்டின் ஓரம். டெர்மினல்களை ஓரத்தில், வயர் நுழையும் வாய் வெளியே பார்க்க வையுங்கள். மூலைகளில் 3.2 மி.மீ. துளை நான்கு, பெட்டியில் முறுக்க. அதன் பிறகு பாகங்களைத் திருப்பித் திருப்பி வைத்து, மெல்லிய கோடுகள் ஒன்றையொன்று வெட்டாத இடத்தைத் தேடுங்கள். தடம் இழுக்கும் நேரத்தைவிட இதற்குத்தான் கூட நேரம் போக வேண்டும். இடம் சரியாக அமைந்தால் உங்கள் சுற்று ஒரே பக்கச் செம்பில் முடிந்துவிடும்.

இந்தக் கட்டத்தில், ஒரு தடம்கூட இழுக்க முன், போர்ட்டை 1:1 அளவில் கடதாசியில் பிரிண்ட் எடுங்கள். போட்டோகொப்பிக் கடையில் கொடுத்தால் பக்கத்துக்கு ஏற்றமாதிரிச் சுருக்க வேண்டாம், உள்ள அளவிலேயே எடுங்கள் என்று சொல்லுங்கள், வந்ததும் 50 மி.மீ. பக்கத்தை அடிமட்டம் வைத்து அளந்து பாருங்கள். அதை ஒரு ரெஜிபோம் துண்டில் ஒட்டி, வாங்கிவைத்த பாகங்களை ஒவ்வொன்றாக அதன் இடத்தில் குத்துங்கள். பஸரின் கால் சரியாக இறங்குகிறதா, டெர்மினல் ஸ்குரூவைத் திருப்ப ஸ்குரூ ட்ரைவருக்கு இடம் இருக்கிறதா, பெட்டி மூடி பஸரில் முட்டுகிறதா என்று எல்லாம் அப்போதே தெரிந்துவிடும். கீகேட்டில் போர்ட்டை முப்பரிமாணத்தில் காட்டும் வசதி இருக்கிறது, அழகாகவும் இருக்கும். ஆனால் அது லைப்ரரியில் உள்ள பஸரைக் காட்டுகிறது, உங்கள் கையில் உள்ள பஸரை அல்ல. என்னிடம் யாராவது பிசிபியில் ஒரே ஒரு பழக்கம் சொல்லுங்கள் என்றால் இந்தக் கடதாசிச் சோதனையைத்தான் சொல்வேன்.

தடம் இழுக்க எக்ஸ் விசை. எவ்வளவு அகலம் என்பது கரண்டைப் பொறுத்தது. சாதாரண போர்ட்டில் செம்பு 35 மைக்ரோமீற்றர் தடிப்பு. அதில் 10 பாகை மட்டும் சூடேற அனுமதித்தால், வெளி லேயரில் 1 ஆம்பியருக்கு 0.3 மி.மீ., 2 ஆம்பியருக்கு 0.8 மி.மீ. அளவு போதும். கீகேட்டோடு வரும் கணிப்பானிலேயே இதைப் பார்க்கலாம். உங்கள் பஸர் சில பத்து மில்லிஆம்பியர்தான் இழுக்கிறது, ஆகவே கரண்ட் உங்களுக்குப் பிரச்சினையே இல்லை. எப்படிச் செய்விக்கப் போகிறீர்கள் என்பதுதான் அகலத்தைத் தீர்மானிக்கும். வீட்டில் செய்வதென்றால் தடம் 1 மி.மீ., இடைவெளி 0.5 மி.மீ. வையுங்கள், ஃபக்டரிக்கு அனுப்புவதென்றால் இரண்டும் 0.25 ஆனாலும் பிரச்சினையில்லை. மிச்ச இடத்தை கிரவுண்ட் செம்பால் நிரப்பி, பி (B) அழுத்தி, கடைசியாக, போர்ட்டில் தடங்களின் பிழைகளைத் தேடும் டிஆர்சி சோதனையை ஓட்டுங்கள். அதில் ஒரு பிழைகூட மிஞ்சக் கூடாது.

வீட்டில் செய்யலாமா என்றால், செய்யலாம், ஒருதரம் செய்து பார்ப்பது நல்லதும்கூட. லேசர் பிரிண்டரில் வழுவழுப்பான தாளில் எடுத்து, செம்புப் பலகையில் அயன்பெட்டியால் அழுத்தி மையை மாற்றுவது வழமையான முறை. கீழ்ப்பக்கச் செம்பைக் கண்ணாடிபோலத் திருப்பாமல் அப்படியே பிரிண்ட் எடுக்க வேண்டும், ஏனென்றால் கவிழ்த்து வைக்கும்போது அது தானே திரும்பிவிடும். சந்தேகம் தீர, கீழ் லேயரில் உங்கள் பெயரை எழுதிவையுங்கள். தாளில் அது கண்ணாடியில் பார்ப்பதுபோல இடம் வலம் மாறித் தெரிந்தால் சரி.

மை மூடாத செம்பை அரித்து எடுக்கிற ஃபெரிக் குளோரைட் கரைசல் பற்றிக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். பிளாஸ்டிக் பாத்திரம், கையுறை, காற்றோட்டம், சின்னப் பிள்ளைகள் பக்கத்தில் இல்லாமை, இவ்வளவும் வேண்டும். ஒரே கரைசலை, அரிப்பது மந்தமாகும்வரை பலதரம் பாவிக்கலாம். முடிந்த கரைசலில் கரைந்த செம்பு இருக்கிறது, அது மீனுக்கும் இறாலுக்கும் நஞ்சு. நம் பக்கம் மணல் தரை, கிணறு ஆழமில்லை, வளவில் ஊற்றியது கிணற்றுக்குப் போகும், கானில் ஊற்றியது வாவிக்குப் போகும். இறால் பண்ணைக்காகச் செய்கிற போர்ட்டின் கழிவு இறாலைக் கொல்லக் கூடாது. சலவைச் சோடாவைக் கொஞ்சங் கொஞ்சமாகப் போட்டால் நுரைக்கும். நுரை நின்ற பிறகு செம்பும் இரும்பும் சேறாக அடியில் இறங்கும். அந்தச் சேற்றை சீமெந்தில் குழைத்து இறுகவைத்து அப்புறப்படுத்துங்கள். இவ்வளவு கவனம் எடுக்க வசதியில்லை என்றால் வீட்டில் அரிக்கவே வேண்டாம்.

பண்ணையில் நிரந்தரமாக வைக்கப்போகும் போர்ட்டை எப்படியும் ஃபக்டரியில் செய்விப்பதே சரி. ஜேஎல்சிபிசிபி, பிசிபிவே போன்ற சீன நிறுவனங்கள் 100க்கு 100 மி.மீ.க்குள் அடங்கும் இரண்டு லேயர் போர்ட்டை ஐந்தாகவே மலிவாகச் செய்து தருகின்றன. போர்ட்டின் விலையைவிட இலங்கைக்கு அனுப்பும் செலவுதான் கூட. ஆகவே தனியாக ஓர்டர் போடாமல், வந்தாறுமூலையிலோ ஒலுவிலிலோ பல்கலைக்கழகத்தில் இதே வேலை செய்யும் யாராவது இருந்தால் சேர்ந்து ஒரே பார்சலாக வரவழையுங்கள். அனுப்ப வேண்டியது, ஒவ்வொரு லேயரின் வடிவத்தையும் சொல்லும் கேர்பர் கோப்புகளும் துளைக் கோப்பும். அனுப்ப முன் கீகேட்டின் கேர்பர் பார்வையாளரில் அவற்றைத் திறந்து, ஓரக் கோடு இருக்கிறதா, துளைகள் செம்பு வட்டங்களின் நடுவில் விழுகின்றனவா என்று கண்ணால் பாருங்கள். ஃபக்டரி அந்தக் கோப்பைத்தான் பார்க்கிறது, உங்கள் கீகேட் திரையை அல்ல. ஐந்து போர்ட் வரும், உங்களுக்கு ஒன்று, பக்கத்துப் பண்ணைகளுக்கு நான்கு.

கல்லடியிலிருந்து வாகரை வரை கடல் காற்றுப் படும் எந்த இடத்திலும் வெறும் செம்பு பச்சை பிடிக்கும், மாரியில் இன்னும் கெதியாக. பண்ணையில் உப்புத் தண்ணீர்த் தூவானமும் சேர்கிறது. ஈயம் வைத்து முடித்ததும் ஃபிளக்ஸ் (ஈயம் ஒட்ட உதவும் பசை) மிச்சத்தை ஐசோபுரொப்பைல் அல்ககோலால் பிரஷ் போட்டுக் கழுவி, நன்றாகக் காய்ந்த பிறகு தெளிவான அக்ரிலிக் பூச்சு அடியுங்கள். டெர்மினலின் வாயையும் பஸரின் துளையையும் முதலில் டேப் ஒட்டி மறைத்துவிடுங்கள். பெட்டியில் வயர் நுழைவது கீழ்ப்பக்கமாக இருக்கட்டும், மேலே துளைத்தால் மழைத்தண்ணீர் வயரைப் பிடித்துக்கொண்டே உள்ளே வரும். எறும்பும் பல்லியும் போகாதபடி துளையைச் சிலிக்கோனால் அடையுங்கள். பேட்டரி இன்னும் நல்லதா என்று அறியக் கிழமைக்கு ஒருதரம் அடப்டரைக் கழற்றி பஸர் சத்தமாக அடிக்கிறதா என்று பாருங்கள், அலாரத்தை நம்பிப் படுக்கிறவர்கள் அதைக் கட்டாயம் செய்ய வேண்டும்.

இது ஓடத் தொடங்கியதும் அப்பா அடுத்ததாகக் கேட்கப்போவது எனக்குத் தெரியும்: சத்தம் மட்டும் போதாது, போனுக்கு மெசேஜ் வரட்டும், ஜெனரேட்டரும் தானே ஓடட்டும் என்று. மெசேஜுக்கு, வைஃபை உள்ள சின்னக் கணினியான இஎஸ்பி32 மொடியூலும் வைஃபை ரவுட்டருக்கு ஒரு பேட்டரியும் வைத்து இரண்டாவது போர்ட்டாக வரையலாம். அதில் இரண்டு விஷயம் புதிதாக வரும். ஒவ்வொரு ஐசியின் பவர் பின்னுக்கும் ஒட்டியே 100 நானோஃபரட் கப்பாசிற்றர் வேண்டும், மொடியூலின் அன்டெனா இருக்கும் பக்கம் செம்பே இருக்கக் கூடாது. கீகேட்டின் கோப்பு மெனுவில் மாதிரித் திட்டங்கள் உண்டு, அவற்றைத் திறந்து அனுபவசாலிகள் எப்படி வைத்திருக்கிறார்கள் என்று ஒவ்வொரு லேயராக அணைத்து ஏற்றிப் பாருங்கள். வகுப்புக்குப் போவதைவிட எனக்கு அது கூடப் படிப்பித்தது.

ஜெனரேட்டருக்காக 230 வோல்ட்டை போர்ட்டுக்குள் கொண்டுவரும் ரிலே (மின்னால் இயங்கும் சுவிட்ச்) வேலையை இப்போதைக்கு வேண்டாம் என்றுதான் சொல்வேன். அதில் மெயின்ஸ் தடத்துக்கும் 12 வோல்ட் தடத்துக்கும் நடுவே குறைந்தது 6 மி.மீ. வெற்றிடம் வேண்டும், உப்புக் காற்றில் இன்னும் கூட விடுவது நல்லது, ரிலேயின் கீழே போர்ட்டையே பிளந்து ஒரு வெட்டும் விட வேண்டும், ஃபியூஸ் வேண்டும். ஈரத் தரையில் வெறுங்காலோடு நிற்கிற இடம் அது. அந்தப் பகுதிக்கு ரெடிமேட் கொன்டாக்டரை (பெரிய கரண்டைத் தாங்கும் ரிலே) அனுமதிப்பத்திரம் உள்ள மின்னியலாளர் ஒருவரைக் கொண்டு பூட்டுவியுங்கள், அதற்குக் கட்டளை கொடுக்கும் 12 வோல்ட் பக்கத்தை நீங்கள் வரையுங்கள். சுற்றுப்படம் ஈஆர்சி தாண்டியதும், ரெஜிபோமில் பாகங்கள் குத்திய படத்தையும் சேர்த்து அனுப்புங்கள், ஃபக்டரிக்குப் போக முன் நான் ஒருதரம் பார்த்துத் தருகிறேன்.